கொழுந்து வெச்ச கல்லு

களப்பயணம் கூட்டிட்டுப் போறதைப் பத்தி நாலு விஷயம் எழுதித் தாங்கன்னு புதுசா வேலைக்கு வந்திருக்கிற நீங்கெல்லாம் கேட்டீங்க. நான் ஓய்வு வாங்கிட்டு வீட்டுல இருக்கேன், நேரம் நெறைய கெடக்கு, அதனால எழுதுறேன். ஆனா அனுமதிக் கடிதம் எத்தனை பிரதி எடுக்கணும், பஸ்ஸுல வாந்தி எடுக்கிற புள்ளைய எந்த சீட்டுல ஒக்கார வெக்கணும், மருந்துப் பெட்டியில என்னென்ன இருக்கணும்னு எல்லாம் என்கிட்ட எதிர்பாக்காதீங்க. அதெல்லாம் சுற்றறிக்கையில இருக்கு. அதைப் படிக்க உங்களுக்குச் சோம்பல்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது.

நான் சொல்லப் போறது நான் செஞ்ச ஒரு தப்பை. புவியியல் படிப்பிச்ச காலம் முழுக்க ஆறு, அருவி, ரோட்டுக்கு வெட்டின மண்மேடுன்னு புள்ளைங்கள எங்கெங்கயோ இழுத்துட்டு அலைஞ்சவ நான். நல்லபடியா நடந்த பயணம் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து போச்சு. எது எந்த வருஷம்னு கேட்டா முழிப்பேன். கெட்டுப் போன இந்த ஒண்ணு மட்டும் அப்படியே மனசுல இருக்கு. அதை நெனைச்சா எனக்கு வெக்கமா இருக்கும், ஆனா வெக்கத்தை விட நன்றிதான் அதிகமா வரும். ஏன்னு கடைசி வரைக்கும் படிச்சிட்டுச் சொல்லுங்க.

அப்ப நான் இறம்பொடைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில இருந்தேன். பதினோராம் வகுப்புல எழுதுற சாதாரண தரப் பரீட்சையோட அந்தப் பள்ளிக்கூடம் முடிஞ்சிரும். அதுக்கு மேல விஞ்ஞானம் படிக்கணும்னா ஹட்டனுக்குப் போய் விடுதியில தங்கணும். பதினோராம் வகுப்புல தர்ஷினின்னு ஒரு புள்ளை இருந்தா. கெட்டிக்காரின்னா மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிற கெட்டிக்காரி இல்லை. ஒரு கல்லைக் கையில குடுத்தா நாலு பக்கமும் திருப்புவா, தண்ணியில நனைச்சுப் பாப்பா, நகத்தால சொரண்டுவா, அதுக்கப்புறம்தான் வாயைத் தொறப்பா. தொறந்தாலும் ரெண்டே வார்த்தைதான். ஆனா அந்த ரெண்டு வார்த்தை சரியா இருக்கும்.

அவளோட அம்மா ராஜேஸ்வரி, பக்கத்துத் தோட்டத்துல தேயிலைக் கொழுந்து எடுக்கிறவங்க. அப்பா கொழும்புல ஒரு கடையில வேலை. மகளை ஹட்டனுக்கு அனுப்புங்கன்னு கேட்டு நான் மூணு தடவை அவங்க லயத்துக்கு, அந்தத் தோட்டத்து வரிசை வீட்டுக்குப் போனேன். மூணு தடவையும் தேத்தண்ணி குடுத்தாங்க, பதில் குடுக்கல. மூணாவது தடவை வாசல் வரைக்கும் கூட வந்துதான் மனசுல கெடந்ததைச் சொன்னாங்க.

"இங்கயே வாயைத் தொறக்காத புள்ளை டீச்சர் இவ. அங்க போய் இவளுக்கு ஒண்ணுன்னா யாருகிட்ட சொல்லுவா? சொன்னாலும் யாரு கேப்பாங்க?"

நான் இருக்கேன், அங்க இருக்கிற டீச்சர்மாரை எனக்குத் தெரியும்னு என்னென்னமோ சொன்னேன். அவங்க தலையை மட்டும் ஆட்டினாங்க. விடுதிக்குப் பேர் குடுக்கிற தாளுல பெத்தவங்க கையெழுத்து வேணும். அந்தத் தாளு வெறுமையா என் பையிலயே கெடந்துச்சு. அனுப்புறதுக்கு ரெண்டு கிழமைதான், பதினாலே நாள்தான் மிச்சம்.

அதனால அந்த வருஷம் களப்பயணத்தை நான் வேணும்னேதான் அந்தத் தோட்டத்து வழியாப் போட்டேன். அங்க ரோட்டுக்கு வெட்டின எடத்துல பாறை நல்லாத் தெரியும், அது உண்மை. ஆனா மகள் பாறையைப் பத்திப் பேசுறதை அம்மா ஒரு தடவை கண்ணால பாத்தா மனசு மாறும்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு கணக்கு இருந்திச்சு. யாருகிட்டயும் சொல்லல.

கூட வந்தவர் எங்க விஞ்ஞான சேர், யாழ்ப்பாணத்துக்காரர். காலையில அருவிக்குக் கீழ நின்னப்ப ஒரு பையன், "டீச்சர், இங்க டைனோசர் எலும்பு தோண்டினாக் கெடைக்குமா?"ன்னு கேட்டான். நம்ம மலையில அதெல்லாம் கெடைக்காது, இந்தப் பாறை பூமிக்கு அடியில சூட்டுலயும் அழுத்தத்துலயும் கெடந்து உருமாறி வந்தது, அதுக்குள்ள எந்த உசிரோட அடையாளமும் தங்காதுன்னு சொன்னேன். புள்ளைங்க முகம் எல்லாம் தொங்கிப் போச்சு. சேர் தன்னோட பையில இருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்துப் பிரிச்சாரு. உள்ள ஒரு சுண்ணாம்புக் கல்லு, அதுல சிப்பி சிப்பியாப் பதிஞ்சிருந்திச்சு. "இது எங்கட வீட்டுக் கிணறு வெட்டேக்க வந்த கல்லு. எங்கட ஊர் முந்திக் கடலுக்குக் கீழ இருந்தது. தொட்டுப் பாருங்கோ"ன்னாரு. அம்புட்டுப் புள்ளைங்களும் அவரைச் சுத்திக்கிட்டாங்க. எனக்குக் கொஞ்சம் பொறாமையாத்தான் இருந்திச்சு. நான் பதினஞ்சு நிமிஷம் கத்தினதை அந்த மனுஷன் ஒரு கல்லைக் காட்டிச் செஞ்சிட்டாரு.

அந்தப் பொறாமையையும் மனசுல வெச்சுக்கிட்டுத்தான் மத்தியானம் தேயிலை மலைக்குள்ள போனேன். நம்ம பேச்சுல மலைன்னா தேயிலை நட்டிருக்கிற ஒரு வெளி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் இருக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரம், கொழுந்து எடுக்கிற பொம்பளைங்க லயத்துக்குப் போயிருந்தாங்க, மலையில ஒருத்தரும் இல்லை. ராஜேஸ்வரி திரும்பி வர்ற நேரத்துக்கு அவங்க மக பேசிட்டு நிக்கணும்னு நான் நேரம் பாத்துத்தான் கூட்டிட்டுப் போனேன்.

மலை ஏறுற எடத்துல, மழைத்தண்ணி ஓடுற கானுக்குப் பக்கத்துல ஒரு மரம். மரத்தடியில மொழங்கால் ஒயரத்துக்கு ஒரு கல்லு நட்டமா நின்னுச்சு. ரெண்டு நாளா அடிச்ச மழையில நல்லாக் கழுவி விட்ட மாதிரி இருந்திச்சு. பழுப்பு நெறம், பாசி. பாத்ததும் எனக்குக் கை பரபரன்னுது. வகுப்புல நான் அடிக்கடி சொல்லுவேன், பாறையோட மேல்தோலை நம்பாதீங்க, வெயிலும் மழையும் அதை மாத்தி வெச்சிருக்கும், ஒரு துண்டை ஒடைச்சு உள்ள பாத்தாத்தான் அது என்ன பாறைன்னு தெரியும்னு. அதைக் காட்ட இதை விட நல்ல கல்லு கெடைக்குமா?

கல்லோட தலையில வாடின கொழுந்து நாலஞ்சு கெடந்துச்சு. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? புள்ளைங்களுக்குக் கல்லு தெளிவாத் தெரியட்டும்னு அதைக் கையால தட்டி விட்டேன்.

பக்கத்து வீட்டுல கொத்து வேலை செய்யுற மேசன் பாஸ்கிட்ட இரவல் வாங்கின சுத்தியலை தர்ஷினி கையில குடுத்தேன். அவ வாங்கிட்டு நின்னா. "டீச்சர், இது வந்து..."ன்னா.

"கேள்வியெல்லாம் அப்புறம். மேல் மூலையில ஒரே அடி."

"இல்லை டீச்சர், இந்தக் கல்லு..."

"தர்ஷினி, நேரமாகுது."

அந்தத் தோட்டத்துப் புள்ளைங்க நாலஞ்சு பேரு மெல்லப் பின்னுக்குப் போய் நின்னதையும் நான் பாத்தேன். கல்லுத்துண்டு தெறிக்கும்னு பயப்படுறாங்கன்னு நெனைச்சு, "கெட்டிக்காரப் புள்ளைங்க, தள்ளித்தான் நிக்கணும்"னு பாராட்டு வேற குடுத்தேன். தர்ஷினி என் மொகத்தை ஒரு தடவை பாத்தா. நான் தலையை ஆட்டினேன். அடிச்சா.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு பேந்து விழுந்துச்சு. உள்ள கறுப்பும் வெள்ளையும் வரிவரியா, நடுவுல செவப்புப் புள்ளி. அந்த அழகைப் பாத்து நான் பேச ஆரம்பிச்சேன் பாருங்க, நிறுத்தவே இல்லை. அந்த நேரத்துல பஸ் டிரைவர் எங்களைக் கூப்பிட மேல ஏறி வந்தாரு. சிங்கள மனுஷன், தமிழ் அரைகுறையாத்தான் தெரியும். மரத்தடியைப் பாத்தாரு. ஒரு எட்டு பின்னுக்கு வெச்சு, செருப்பைக் கழட்டி ஓரமா வெச்சாரு.

அப்பத்தான் எனக்கு விளங்கிச்சு. 

உங்கள்ல டவுன்ல பொறந்தவங்களுக்கு ஒரு வார்த்தை. கொழுந்து எடுக்கிற பொம்பளைங்க காலையில மலை ஏறினதும் மொதக் கிள்ளுக் கொழுந்தை அந்த மலையோட சாமி கல்லு மேல வெச்சு, கொழுந்து பெருகட்டும்னு பொலி பொலி சொல்லிட்டுத்தான் மத்ததைக் கூடையில போடுவாங்க. அட்டை கடிக்காம, கால் வழுக்காம, குளவி கொட்டாம சாயங்காலம் வீடு போய்ச் சேரணும்ல. கோயில் இல்லை, கூரை இல்லை, ஒரு கல்லுதான். மழையில குங்குமம் கரைஞ்சு போனா அது சாமின்னு தெரியுறது அந்தக் கொழுந்தை வெச்சு மட்டும்தான். அதைத்தான் நான் தூசு தட்டுற மாதிரித் தட்டி விட்டிருந்தேன்.

இதைக் கேட்டா நீங்க, பாவம், டீச்சருக்குத் தெரியாதுன்னு நெனைப்பீங்க. எனக்குத் தெரியும். நான் பொல்பிட்டியவுக்கு மேல ஒரு தோட்டத்துல, லயத்துல பொறந்தவ. எங்கம்மா கொழுந்து எடுத்து என்னைப் படிக்க வெச்சாங்க. பள்ளிக்கூட லீவுல நானே எங்கம்மா பின்னாடி போய் கல்லு மேல கொழுந்து வெச்சிருக்கேன். ஆனா டீச்சர் பயிற்சிக் கலாசாலைக்குப் போனதுல இருந்து அதை ஒருத்தருகிட்டயும் நான் சொன்னதில்லை. கூடப் படிச்ச யாழ்ப்பாணத்துப் புள்ளைங்க மாதிரிப் பேசப் பழகிக்கிட்டேன். டீச்சருன்னா அப்படித்தான் இருக்கணும்னு ஒரு நெனைப்பு. லயத்தை நான் மறைச்சு மறைச்சுக் கடைசியில எனக்கே மறந்து போயிருந்திச்சு.

விழுந்த துண்டை எடுத்து என்ன செய்யுறதுன்னு தெரியாம நின்னப்ப, பொம்பளைங்க கூடையோட மேல ஏறி வந்துட்டாங்க. இருபது பேரு இருப்பாங்க. முன்னுக்கு வந்த அக்கா கல்லைப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டாங்க. பின்னாடி வந்தவங்க அவங்க மேல முட்டிக்கிட்டாங்க.

"யாரு கை வெச்சது?"

சுத்தியல் தர்ஷினி கையில இருந்திச்சு. கூட்டத்துல இருந்து ராஜேஸ்வரி கூடையைக் கழட்டிப் போட்டுட்டு ஓடி வந்து, ஒரு வார்த்தை கேக்காம மக கன்னத்துல ஓங்கி ஒண்ணு விட்டாங்க. "சாமியை ஒடைக்கவாடி உன்னைப் படிக்க அனுப்பினேன்? இதுக்கு மேல ஹட்டனுக்கு வேறயா?"

தர்ஷினி அழல. டீச்சர்தான் அடிக்கச் சொன்னாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல. என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. நானும் வாயைத் தொறக்கல. இதை எழுதுறதுக்கு எனக்கு இவ்வளவு காலம் ஆச்சு. அந்தப் புள்ளை எனக்காக அடி வாங்கிட்டு நிக்குது, நான் சேலைத் தலைப்பைப் பிடிச்சுக்கிட்டுப் பேசாம நிக்குறேன். ஒரு நிமிஷம் இருக்கும். ஒரு நிமிஷம் எம்புட்டு நீளம்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

கங்காணி வந்தாரு. வேலை நேரம் போகுது, மலை ஏறுங்கன்னு சத்தம் போட்டாரு. ஒருத்தரும் அசையல. "சாமி மொகம் ஒடஞ்சு கெடக்கு, எங்களை மலை ஏறச் சொல்லுறீங்களே கங்காணி, குளவி கொட்டினா நீங்களா வருவீங்க?"ன்னு ஒருத்தி கேட்டா. சத்தம் கூடிக்கிட்டே போச்சு. ஒரு பையன் போனை எடுத்துப் படம் பிடிக்கப் பாத்தான். சேர் அவன் கையை அமுக்கிட்டு என் காதுக்கிட்ட வந்து, "டீச்சர், பிள்ளையள பஸ்ஸில ஏத்துவம். பள்ளிக்கூட அதிபர் வந்து பிறகு கதைக்கட்டும். இதில நிண்டால் பிரச்சினை கூடும்"னாரு. டிரைவரும் தலையைச் சொறிஞ்சிட்டு, "மிஸ், யமுத?"ன்னு போகலாமான்னு கேட்டாரு.

ரெண்டு பேரும் சொன்னது நியாயம். முப்பத்தஞ்சு புள்ளைங்க என் பொறுப்புல இருக்காங்க. சுற்றறிக்கையைக் கேட்டா அதுவும் அதைத்தான் சொல்லும். என் கால் பஸ் பக்கம் திரும்பிருச்சு, பொய் சொல்லல. அப்பத்தான் ஒண்ணு தோணுச்சு. நாங்க பஸ்ஸுல ஏறிப் போயிருவோம். தர்ஷினி சாயங்காலம் இதே பாதையால நடந்து இதே லயத்துக்குத்தான் வரணும். இதே பொம்பளைங்க கூடத்தான் அவ அம்மா நாளைக்கும் கூடையைத் தூக்கணும்.

"சேர், நீங்க புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய் பஸ்ஸுல வெச்சுக்கங்க. நீங்க அங்க இருந்தாத்தான் நான் இங்க நிக்கலாம்"னேன்.

"தனிய விட்டிட்டு எப்பிடி?"ன்னாரு. அப்புறம் என் மொகத்தைப் பாத்தாரு. எல்லாரோட போனையும் தன் பையில வாங்கிப் போட்டுட்டு, தர்ஷினியை மட்டும் அவ அம்மா பக்கத்துல விட்டுட்டு, மத்தவங்களை வரிசையாக் கூட்டிட்டுப் போனாரு. ரெண்டு மணி நேரம் அந்தப் புள்ளைங்களைப் பஸ்ஸுல வெச்சு என்ன பாடம் நடத்தினாரோ, ஒரு புள்ளை கூட எறங்கி ஓடல. இந்தக் கதையை அவர் ஆசிரியர் அறையில ஒரு நாளும் எடுத்ததில்லை. அந்த மனுஷனுக்கு நான் என்னைக்கும் கடன்பட்டவ.

நான் பொம்பளைங்க பக்கம் திரும்பினேன். யாழ்ப்பாணப் பேச்சு பழகிப் போன வாய் என்ன சொல்லிச்சு தெரியுமா? "அம்மா, கொஞ்சம் பொறுங்கோ. இதில ஒரு பிழை நடந்திட்டுது."

முன்னுக்கு நின்ன அக்கா என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க. "நடந்துட்டுதா? அதுவாவா நடந்துச்சு?"

அந்தக் கேள்விதான் என்னைக் காப்பாத்துச்சு. "இல்லக்கா"ன்னேன். "அதுவா நடக்கல. நான்தான் அடிக்கச் சொன்னேன். சுத்தியலைக் குடுத்ததும் நான்தான். புள்ளை ரெண்டு தடவை சொல்ல வந்தா, ரெண்டு தடவையும் நான் வாயை அடைச்சிட்டேன். கல்லு மேல கொழுந்து இருந்திச்சு. அதைத் தட்டி விட்டதும் நான்தான்."

"கொழுந்து இருந்ததைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுமா?"

"பாத்துட்டும்தான்."

"நீங்க எந்த ஊரு?"

"பொல்பிட்டியவுக்கு மேல. லயத்துலதான் பொறந்தேன். எங்கம்மாவும் கொழுந்துதான் எடுத்தாங்க. கல்லு மேல கொழுந்து வெச்சா என்னன்னு எனக்குத் தெரியும்கா. தெரிஞ்சும் செஞ்சிட்டேன்."

 அப்புறம் அந்த அக்கா சொன்னாங்க, "அப்படின்னா புள்ளைய எதுக்குத் திட்டணும்? உங்களைத்தான் திட்டணும்."

திட்டினாங்க. சும்மா இல்லை, ஆள் மாத்தி ஆள் அரை மணி நேரம் திட்டினாங்க. படிச்சதும் கண்ணு அவிஞ்சு போச்சான்னாங்க. எங்கம்மா என்னைப் பெத்ததுக்கு ரெண்டு தேயிலைக் கன்னு நட்டிருக்கலாம்னாங்க. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஒண்ணு விடாமக் கேட்டேன். கேக்கக் கேக்க எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, திட்டு வாங்கின வருத்தத்துல இல்லை. வெளியாளை யாரும் அப்படித் திட்ட மாட்டாங்க. வெளியாளுன்னா தோட்டத்தை நடத்துற துரைகிட்டச் சொல்லுவாங்க, பொலிசுக்குச் சொல்லுவாங்க. இது வீட்டுப் பொம்பளையைத் திட்டுற திட்டு. நான் விட்டுட்டுப் போன எடத்துல என்னை மறுபடியும் ஒக்கார வெச்ச திட்டு அது.

ஓஞ்சதும் கங்காணி சொன்னாரு, "பின்னமானதை வெச்சுக் கும்பிடக் கூடாது. ஆத்துல விட்டுட்டு வேற கல்லுதான் நடணும். நாளைக்கு வெள்ளிக்கிழமை, விடியவே செஞ்சிருவோம்." அந்த அக்கா என் பக்கம் கையைக் காட்டி, "கல்லைப் பத்திப் படிச்சவங்கதானே, நல்ல கல்லா இவங்களே பாத்துத் தரட்டும்"னாங்க.

இந்த எடத்துலதான் நான் அன்னைக்கு ஒரே ஒரு நல்ல காரியம் செஞ்சேன். "நான் பாக்க மாட்டேங்க்கா. நான் பாத்த லட்சணம் போதும். தர்ஷினி பாக்கட்டும். என்னை விட அவளுக்குக் கல்லு தெரியும்"னேன்.

சளசளன்னு பேச்சு கெளம்பிச்சு. "ஒடச்ச கையாலயா?"ன்னு ஒருத்தி முணுமுணுத்தா. எல்லாரும் ராஜேஸ்வரியைப் பாத்தாங்க. அது வரைக்கும் அவங்க மக பக்கத்துல நின்னு, தான் அடிச்ச கன்னத்தைத் தடவவும் முடியாம, தடவாம இருக்கவும் முடியாம தவிச்சுக்கிட்டு இருந்தாங்க.

"ஒடச்ச கைதான் வெக்கணும்"னாங்க.

மறுநாள் நான் குடியிருந்த நானுஓயாவுல இருந்து மொத பஸ்ஸைப் பிடிச்சுப் போய்ச் சேர்ந்தேன். நாங்க எல்லாரும் ஆத்துக்கு எறங்கினோம். பொம்பளைங்க கரையில நின்னாங்க. தர்ஷினி பாவாடையைத் தூக்கிச் செருகிட்டுத் தண்ணிக்குள்ள போனா. கங்காணி ஒரு கல்லைக் காட்டினாரு, பளபளன்னு மின்னுச்சு, பாக்க நல்ல லட்சணம்தான். அவ குனிஞ்சு பாத்துட்டு வேணாம்னா. ஏன்னு கேட்டாரு. எனக்கு வாய் துறுதுறுன்னுது, பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.

"இது தகடு தகடா இருக்கு மாமா. அந்த மினுக்குதான் தகடு. மழைத்தண்ணி இடுக்குல எறங்கிக் கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சிரும். உங்க பேத்தி காலத்துல உதிர்ந்துரும்."

கங்காணி பொம்பளைங்களைப் பாத்தாரு. அவங்க அவளையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் நான் ஒண்ணைக் காட்டினேன், வரி இல்லாத கறுத்த கல்லு, எனக்கு அது மேல நம்பிக்கை இருந்திச்சு. அவ கையால தண்ணியை அள்ளி ஊத்திட்டு, கொஞ்ச நேரம் காய விட்டா. கல்லு முழுக்கக் காய்ஞ்சும் ஒரு எடத்துல மட்டும் மெல்லிசா ஒரு ஈரக்கோடு நின்னுச்சு. "இதுல கீறல் இருக்கு டீச்சர்"னா. இத்தனை வருஷம் படிப்பிச்ச எனக்கு அந்தக் கீறல் கண்ணுல படல. "சரி, நீயே பாரு"ன்னு தள்ளி நின்னேன்.

கடைசியில ஒரு கல்லு கிட்டப் போய் ஒக்காந்தா. உருண்டையும் இல்லை, சப்பையும் இல்லை. நனைச்சா, காய விட்டா, கையால சுத்தித் தடவினா. "இது மேல இருந்து ரொம்ப தூரம் உருண்டு வந்திருக்கு. உதிர வேண்டியதெல்லாம் வழியிலயே உதிர்ந்து போச்சு. இனி உதிராது"ன்னா. அவ்வளவு பேச்சை அவ வாயில இருந்து நானே அதுக்கு முன்ன ஒரு மூச்சுல கேட்டதில்லை. ஒருத்தரும் குறுக்க பேசல. இருபது பொம்பளைங்க, கங்காணி, நான், அவ்வளவு பேரும் ஒரு பதினாறு வயசுப் புள்ளை சொல்லி முடிக்கிற வரைக்கும் நின்னோம். அப்புறம் அந்த அக்கா, "எடுங்கடி"ன்னாங்க.

உங்களுக்குன்னு நான் சொல்ல வேண்டியது இதுதான். களத்துல உங்களுக்குப் பாறை தெரியும், வரைபடம் தெரியும், பாடத்திட்டம் தெரியும். அந்த எடத்துல வாழற புள்ளைக்கு எடம் தெரியும். நல்ல புள்ளை உங்களை எதிர்த்துப் பேச மாட்டா, ஒரு தடவை தயங்குவா, அவ்வளவுதான். அந்தத் தயக்கத்தைப் பாத்தும் நீங்க நிக்கலைன்னா, அதுக்கப்புறம் வர்ற அடி அவ கன்னத்துலதான் விழும். அன்னைக்குப் பஸ்ஸுல ஏறிப் போயிருந்தா நான் இன்னும் நல்ல டீச்சருன்னு பேர் வாங்கிட்டுத்தான் இருந்திருப்பேன். அப்படி ஒரு பேரை என் தலையில சுமக்க விடாம, நிக்க வெச்சுத் திட்டின அந்தப் பொம்பளைங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன்.

கல்லை நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வெச்சு, தேங்கா ஒடைச்சோம். மொதக் கொழுந்தை என்னை வெக்கச் சொன்னாங்க. வெச்சேன். எங்கம்மா சொன்ன மாதிரி பொலி பொலின்னு சொன்னேன். பொம்பளைங்க கூடையை மாட்டிக்கிட்டு வரிசைக்கு வரிசை ஏற ஆரம்பிச்சாங்க.

ராஜேஸ்வரி மட்டும் ஏறல. என் கிட்ட வந்து, "அந்தத் தாளு இருக்கா டீச்சர்?"னாங்க. எனக்கு ஒரு நிமிஷம் எந்தத் தாளுன்னே புரியல. பைக்குள்ள கையை விட்டுத் தேடி எடுத்துக் குடுத்தேன். கூடையைக் கவுத்து வெச்சு, அது மேல தாளை விரிச்சு, பேனையைக் கையில பிடிச்சாங்க. பிடிச்சவங்க கையெழுத்துப் போடாம நிமிர்ந்தாங்க.

"அனுப்புறேன். அங்க இருக்கிற டீச்சர்மாருகிட்டச் சொல்லுங்க, நீங்களும் நெனைப்புல வெச்சுக்கங்க. இவ ஏதாச்சும் சொல்ல வந்தா, சொல்லி முடிக்க விடணும்."

"சரிங்க்கா"ன்னேன்.

"எனக்குச் சொன்னாப் போதாது"ன்னாங்க. மேல தேயிலைக்குள்ள நின்ன மகளைக் காட்டினாங்க. "அவளுக்குக் கேக்கணும். சத்தமாச் சொல்லுங்க."

மலை முழுக்கக் கேக்குற மாதிரி சத்தமாச் சொன்னேன். அதுக்கப்புறம்தான் அவங்க குனிஞ்சு கையெழுத்துப் போட்டாங்க.